பறவைக் குழுவில் பிழை திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் பலவிதம். மன்னாரில் கடற்தொழில் செய்யும் அண்ணை ஒருவர், முல்லைத்தீவில் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் தம்பி, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க் குளத்துப் படத்துக்காக விடிய விடிய காத்திருக்கும் நாலைந்து பேர். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது பறவைப் பைத்தியம் ஒன்றுதான். செப்டெம்பர் கடைசியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். கூடவே சண்டையும் வந்து இறங்கும். "அது உள்ளான் இல்லை" என்பார் ஒருவர், "உமக்கென்ன தெரியும்" என்பார் மற்றவர், விடிந்து பார்த்தால் இருவரில் ஒருவர் குழுவை விட்டுப் போயிருப்பார். அட்மின் வேலை என் தலையில் விழுந்த நாள் தொடக்கம் ஒரே கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஒருவர் பறவையின் பெயரைப் பிழையாகப் போட்டால் சொல்லத்தான் வேண்டுமா? பேசாமல் விட்டால் என்ன?

சொல்ல வேண்டும். பேசாமல் விடுவது மரியாதை போலத் தெரியும், ஆனால் படம் போட்டவர் கேட்பதே அதுதானே. பெயரைப் பார்க்கத்தான் அவர் படம் போடுகிறார், இல்லையென்றால் தன் போனிலேயே வைத்திருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துப் பறவைகளைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவு மிகக் குறைவு. யுத்த காலத்தில் யார் இரணைமடுக் குளத்துக்குப் போய்ப் பறவை எண்ணினார்கள்? இப்போதுதான் சாதாரண ஆட்கள் கையில் கமெராவும் போனும் வந்து, என்ன பறவை எங்கே எப்போது நின்றது என்று எழுதப்படுகிறது. நாங்கள் போடும் பிழை நாளைக்கு ஒருவர் தேடும்போது உண்மையாக நிற்கும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு எங்களில் சிலர் எண்ணிக்கை கொடுக்கிறார்கள். 1987 இல் தொடங்கிய கணக்கு அது. அதற்குள் ஒரு குளத்துக் கொக்கு முழுவதையும் பிழையான பெயரில் ஏற்றிவிட்டால் திருப்பி எடுப்பது பெரிய பாடு.

சரி, எப்படிச் சொல்வது?

எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கம் முழுவதிலும் இது ஒன்றைத்தான் கறாராகப் பிடிக்கச் சொல்வேன்.

வெள்ளைக் கொக்கை எடுங்கள். கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் ஒரு வயலில் நாலு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. யாரோ படம் போட்டு "பெரிய கொக்கு" என்று எழுதுகிறார். நீங்கள் "இல்லை, நடுத்தரக் கொக்கு" என்று எழுதினால் அங்கே என்ன நடக்கிறது? இரண்டு பெயர் நிற்கிறது, எதை எடுப்பது என்று ஒருவருக்கும் விளங்காது. யாருடைய குரல் பெரிதோ அவர் வெல்வார். அதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணை, படத்தைப் பெருப்பித்து கண்ணுக்குக் கீழே பாருங்கோ. வாய் பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடுகிறது. பெரிய கொக்கென்றால் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்." இப்போது அண்ணை தன் போனில் இரண்டு விரலால் படத்தை இழுத்துத் தானே பார்க்கிறார். அவரைத் திருத்தியது நீங்கள் இல்லை, அந்தக் கோடு. அடுத்த முறை வயலில் நிற்கும்போது அவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

சின்னக் கொக்கும் அப்படியே. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். "பாதம் மஞ்சள்" என்று சொல்லிவிடுவது லேசு. விதைப்புக் காலத்தில் சேற்றுக்குள் நிற்கும் கொக்கின் பாதத்தை யார் கண்டது? அப்போது "பாதம் தெரியவில்லை, அலகின் நிறத்தை வைத்துச் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு. மாட்டுக்குப் பின்னால் நடக்கும் மாட்டுக் கொக்குக்குக் கட்டையான மஞ்சள் அலகு, அதில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை.

மூத்தவர் ஒருவர், அல்லது எனக்குப் படிப்பித்த மாஸ்ரர் பிழையாகப் போட்டால்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வயதில் பெரியவரைச் சபையில் வைத்துத் திருத்துவது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனியாகச் சொல்லிவிட்டுக் குழுவில் பிழையை அப்படியே விட்டால் மற்ற அறுபது பேரும் அந்தப் பிழையைத்தான் படிப்பார்கள்.

நான் கண்ட வழி, கேள்வியாகக் கேட்பது. ஆனால் உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி செய்ததைச் சொல்கிறேன். மாஸ்ரர் ஒருவர் கபில நிறப் பருந்து ஒன்றைப் போட்டு "கரும்பருந்து" என்று எழுதியிருந்தார். தங்கச்சி எழுதினாள்: "மாஸ்ரர், இதின்ரை வால் நுனி எனக்கு வட்டமாகத் தெரியுது. கரும்பருந்துக்குக் கவர் விட்ட மாதிரி இருக்கும் என்று நினைச்சன். செம்பருந்தின்ரை குஞ்சாக இருக்குமோ?" ஐந்து நிமிடம் சத்தமில்லை. பிறகு மாஸ்ரர், "ஓம் பிள்ளை, வாலைக் கவனிக்கேல்லை. செம்பருந்துதான், இன்னும் நிறம் மாறேல்லை" என்று போட்டார். வளர்ந்த செம்பருந்தின் வெள்ளைத் தலையும் செங்காவி உடம்பும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இளம் பறவை முழுக்கக் கபிலமாக இருப்பதால் அனுபவக்காரரையும் ஏமாற்றும்.

இதில் ஒரு கள்ளம் உண்டு, கவனம். விடை தெரிந்துகொண்டு "ஐயா, இது என்ன பறவை என்று ஒருக்காச் சொல்லுவியளோ?" என்று பொறி வைப்பது கேள்வி இல்லை. பெரியவர்கள் அதை உடனே மணந்து பிடித்துவிடுவார்கள்.

எதைக் குழுவில் சொல்வது, எதைத் தனியாகச் சொல்வது?

பறவையைப் பற்றியது குழுவில். ஆளைப் பற்றியது தனியாக. ஒருவர் எழுதும் தொனி, அடிக்கடி சண்டை பிடிப்பது, மற்றவருடைய படத்தைத் தன்னுடையது போலப் போடுவது, இதெல்லாம் தனியாக. தனியாகச் சொன்னதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுவில் போடுபவருக்கு எங்களிடம் இடமில்லை. இதுவரைக்கும் ஒருவரைத்தான் நீக்கியிருக்கிறோம், அது இதற்காகத்தான்.

எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?

வேண்டாம். வலை இழுத்த கையோடு ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறார், "பறவை" "பரவை" ஆகிவிட்டது, போகட்டும். கண்காட்சிக்கோ பாடசாலைப் பலகைக்கோ போகும் எழுத்தென்றால் மட்டும் சொல்லுங்கள்.

நான் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். "சரியான தமிழ்ப் பெயர் அதில்லை" என்று திருத்தினார்கள். நான் எழுதியது பிழையா?

பிழையே இல்லை. எனக்கே எரிச்சல் வரும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வளவுக்குள் கூட்டமாகக் கத்திக்கொண்டு குப்பை கிளறும் பறவையை நாங்கள் புலுனி என்கிறோம். தமிழ்நாட்டில் அச்சான பட்டியல்களில் அது தவிட்டுக்குருவி. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வந்து "புலுனி என்பது தவறு" என்று எழுதினால், திருத்தப்படுவது பறவை இல்லை, எழுதியவரின் அம்மம்மா. செண்பகமும் அப்படித்தான். அங்கே செம்போத்து என்பார்கள். இரண்டும் ஒரே பறவை, இரண்டும் தமிழ். மற்றப் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், தேடுபவருக்கு உதவும். "எங்கள் பக்கம் புலுனி, பட்டியலில் தவிட்டுக்குருவி" என்றால் அது தகவல். "தவறு" என்றால் அது வம்பு.

ஊர்ப் பெயருக்குள் சரியான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. ஆட்காட்டி என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் எங்கள் வெளிகளில் இரண்டு ஆட்காட்டி இருக்கிறது. ஒன்றுக்குக் கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நெஞ்சு கறுப்பு. மற்றதற்கு அந்தச் சதை மஞ்சள், தலையில் கறுப்புத் தொப்பி, நெஞ்சு மண்ணிறம். ஆகவே "ஆட்காட்டி" என்று போட்டவரிடம் "சிவப்பா மஞ்சளா?" என்று கேட்பது திருத்தமில்லை, மேலதிகமாகக் கேட்பது. அதற்கு யாரும் கோபிக்கக் கூடாது.

என்னை எல்லார் முன்னாலும் திருத்திவிட்டார்கள். மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் படத்தை அழிக்காதீர்கள். நிறையப் பேர் செய்வது அதைத்தான். படம் போனால் கீழே இருக்கும் விளக்கமெல்லாம் தலையில்லாத முண்டமாக நிற்கும், பிறகு வருபவருக்கு ஒன்றும் விளங்காது. படத்தை அப்படியே விட்டு, அதற்குக் கீழேயே "திருத்தம்: இது இன்ன பறவை" என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தது.

சங்கடம் எனக்கும் தெரியும். இதை எழுதத் தகுதி இருந்தால் அது இந்தக் கதையால்தான் வந்திருக்கும்.

தலைமன்னார்ப் பக்கத்து ஐயா ஒருவர் மின்கம்பியில் இருந்த கரிச்சான் ஒன்றைப் போட்டு, "கரிச்சான், வயிறும் கறுப்பு" என்று எழுதினார். நான் வவுனியாப் பக்கம். பிறந்ததிலிருந்து கண்ட கரிச்சான் எல்லாம் வெள்ளை வயிறு. யோசிக்காமல் எழுதினேன்: "ஐயா, எங்கட பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுக் கரிச்சான்தான். வெளிச்சம் காணாததால் வயிறு கறுப்பாகத் தெரியுது." எட்டுப் பேர் எனக்குக் கட்டைவிரல் போட்டார்கள். ஐயா பதில் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. காலை வெயில் நேரே விழுகிறது, பறவை பளபளவென்று தலையிலிருந்து வால் வரை கறுப்பு, அலகு தொடங்கும் மூலையில் பொட்டு வைத்தது போலச் சின்ன வெள்ளைப் புள்ளி. கீழே ஒரு வரி: "தம்பி, இதுக்கும் வெளிச்சம் காணாதோ?"

இலங்கையில் முழுக் கறுப்புக் கரிச்சான் வடமேற்குக் கரையோரத்தில் வாழ்கிறது. மன்னார் அதன் சொந்த இடம். உள்ளே காட்டுப்பக்கம் வந்தால் வெள்ளை வயிற்றுக் கரிச்சானைத்தான் காண்போம். என் வளவை வைத்து அவருடைய ஊரை அளந்துவிட்டேன். அன்றைக்கு என் பழைய செய்தியைப் பிடித்து அதற்குக் கீழேயே "நான் சொன்னது பிழை, ஐயா சொன்னது சரி, வெள்ளைப் புள்ளியைப் பாருங்கோ" என்று எழுதினேன். அந்த எட்டுக் கட்டைவிரலில் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை, இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு திருத்தம் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன்: எந்த இடத்தில் எடுத்தது?

ஒருவர் திருத்திய பிறகு நானும் எழுதலாமா?

புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதலாம். அதையே திரும்ப எழுத வேண்டாம். ஒரு பிழைக்கு ஒரு திருத்தம் போதும். பத்துப் பேர் வரிசையாக வந்து "ஓம், இது அதில்லை" என்று எழுதினால் படம் போட்டவர் அடுத்த மாதம் படமே போடமாட்டார். பார்த்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்துப் பறவைப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் சொன்ன பெயரைத்தான் போட்டேன். அதையும் பிழை என்றால்?

மெர்லின் நல்ல உதவி, புதிதாக வருபவருக்கு நானே இறக்கிக்கொள்ளச் சொல்வேன். இடத்தையும் திகதியையும் கொடுத்தால் இன்னும் நன்றாகச் சொல்லும். ஆனால் அது தருவது ஒரு ஊகம். சேறு பூசிய பாதத்தை அதுவும் காணாது. "மெர்லின் சொல்லுது" என்று எழுதி, நீங்களே கண்ட ஒரு அடையாளத்தையும் சேர்த்துப் போடுங்கள். திருத்துபவர்களுக்கும் ஒன்று: "ஆப்பை நம்பிக்கொண்டு வந்திட்டார்" என்ற நக்கல் தேவையில்லை.

பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் பதிந்தேன். எண்ணிக்கையைப் பற்றி விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்னைப் பொய்யன் என்கிறார்களா?

இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் காலத்துக்கும் வழமையில்லாத பறவையோ பெரிய எண்ணிக்கையோ வந்தால் கேட்பது அவர்கள் வேலை. வங்காலைச் சரணாலயத்தில் ஊசிவால் வாத்தும் பூநாரையும் கூட்டமாக இறங்கும் காலத்தில் நீங்கள் போடும் எண் தூரத்தில் இருப்பவருக்கு வியப்பாக இருக்கலாம். எப்படி எண்ணினீர்கள் என்று எழுதுங்கள்: பத்துப் பத்தாக எண்ணினேனா, கண்மட்டமா, எங்கே நின்று பார்த்தேன். படம் இருந்தால் போடுங்கள். கோபத்தில் பதிவை அழித்துவிட்டு எங்கள் குழுவில் வந்து திட்டுபவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். அழித்தால் அந்தப் பூநாரைகள் வரவேயில்லை என்று ஆகிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் சரியென்று சொன்ன பெயரை இப்போது பிழை என்கிறீர்களே?

சில நேரம் நாங்கள் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. மன்னார்க் கடற்கரை மணலில் ஓடித்திரியும் சின்ன உப்புக்கொத்தியைக் கென்டிஷ் உப்புக்கொத்தி என்றுதான் எல்லாரும் எழுதினோம். இங்கேயும் தென்னிந்தியாவிலும் முட்டையிட்டு வாழும் கூட்டம் வேறு இனம் என்று 2023 இல் ஆய்வாளர்கள் பிரித்தார்கள், இப்போது அதற்குப் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. எங்கள் இராமர் அணைப் பக்கத்துப் பறவைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அதற்கு முன் எழுதியவர்கள் யாரும் பிழை விடவில்லை. பழைய படத்தைத் தோண்டி எடுத்து "பிழை" என்று எழுதாமல் "இப்போதைய பெயர்" என்று எழுதுங்கள்.

உடனடியாக, யாருக்கும் முகம் பார்க்காமல் திருத்த வேண்டியது ஏதும் உண்டா?

மூன்று உண்டு. இவற்றில் மேலே சொன்ன பணிவெல்லாம் இரண்டாம் பட்சம்.

பாம்பு. பறவைக் குழுவென்றாலும் வயலுக்குப் போனவர் கண்டதையெல்லாம் போடுவார். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பைக் கண்டு "விஷமில்லாதது, சும்மா விடுங்கோ" என்று யாராவது எழுதினால் உடனே குறுக்கே விழுங்கள். எட்டடி விரியனைப் போலவே வளையம் போட்ட விஷமில்லாத பாம்பும் இருக்கிறது, மங்கலான படத்தில் பிரித்தறிவது கெட்டிக்காரருக்கும் கஷ்டம். ஐயமிருந்தால் எட்டடி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிப்பது அதன் வழக்கம், கடித்த இடத்தில் பெரிதாக வலியும் இராது. கடிபட்டவர் படத்தின் பெயருக்காகக் குழுவில் காத்திருக்கக் கூடாது. கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் ஆஸ்பத்திரிக்கு. 1990 க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

மிதிவெடி. முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் அகற்றி முடியாத இடங்கள் இருக்கின்றன. ஒருவருடைய படத்தின் மூலையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தெரிந்து, பறவை அதற்கு அப்பால் கிட்டத்தில் நின்றால், "நல்ல படம்" என்று எழுதுவதற்கு முன் அவருக்குப் போன் எடுங்கள். எழுத்து வேண்டாம், போன்.

கூடு. ஆட்காட்டியும் ஆலாவும் வெறுந்தரையில் முட்டையிடும். முட்டைக்குக் கிட்டப் போய் எடுத்த படம் என்றால் தாய் எழும்பிப் போயிருக்கும், வெயிலில் முட்டை வெந்துவிடும், காகம் பின்னால் வரும். படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், இடத்தையும் சொல்லவிடாதீர்கள். மேலே "படத்தை அழிக்காதீர்கள்" என்றேனே, இதற்கு அது பொருந்தாது.

திருத்தியவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

கட்டைவிரல் போதும். "நன்றி" என்று எழுதினால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள்.

இரு பக்கமும் அடையாளம் சொல்லியும் முடிவு வரவில்லை. அட்மின் தீர்ப்புச் சொல்வாரா?

மாட்டேன், கரிச்சானோடு அந்த வேலையை விட்டுவிட்டேன். முடிவு வராவிட்டால் "உள்ளான் வகை, இனம் தெரியவில்லை" என்று எழுதிவைக்கலாம். ஈபேர்டும் அதை ஏற்கும். போன ஜனவரியில் வங்காலையில் சூரியனுக்கு எதிரே நின்று நான் எடுத்த படம் ஒன்று அப்படித்தான் கிடக்கிறது. நீண்ட அலகு, சாம்பலா கபிலமா என்று தெரியாத முதுகு, கால் தண்ணீருக்குள். ரீச்சர் ஒரு பெயர் சொன்னார், ஓட்டோத் தம்பி வேறு பெயர் சொன்னான், இருவரும் தங்கள் காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். அலகு நுனி மேலே வளைந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் பேச்சு நிற்கிறது. குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் மேலே தள்ளிப்போய்ப் பார்த்துவிட்டு, நுனி எப்படித் தெரிகிறது என்று அதற்குக் கீழே எழுதுங்கள்.